ஒரு லிட்டர் பாலுக்கு அடக்க விலை போடுவது எப்படி?

பால் பணத்தில் தீவனக் கடைப் பாக்கியைக் கழித்து, மிச்சம் இருந்தால் லாபம் என்கிறவர்கள் எங்கள் பக்கம் அதிகம். அதில் கறக்கிற மாட்டின் கணக்குதான் வரும். வற்றிப்போன மாடும் தின்கிறதே! அதனால் மாதக் கணக்கை விடுங்கள். கன்று ஈன்ற நாள் தொட்டு அடுத்த கன்று வரை, மாட்டுக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதுங்கள்.

செலவில் பெரும்பங்கு தீவனம். அதை எடை போட்டே வையுங்கள். படிக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு கலந்தது) நாளுக்கு உடம்பு நிலைக்க ஒன்றரை கிலோ, அதோடு கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. கோ 4 தீவனப்புல் சொந்தக் காட்டில் அறுத்ததானாலும் விலை போடுங்கள். அந்த இடத்தில் வேறு வெள்ளாமை வைத்திருக்கலாம் அல்லவா?

என் ஜெர்சி கலப்பு மாடு ஒன்று 300 நாள் கறக்கும். சராசரி 8 லிட்டர், மொத்தம் 2,400 லிட்டர். கறவையில் தீவனம் நாளுக்கு 220 ரூபாய், வற்றிய நாளில் 110. 13 மாதத்தில் அடுத்த கன்று போட்டால் வற்றிய நாள் 95. தீவனம் 76,450 ரூபாய், லிட்டருக்கு 32 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே மாடு 16 மாதம் இழுத்தால் வற்றிய நாள் 187, தீவனம் 86,570. லிட்டருக்கு 36 ரூபாயைத் தொடுகிறது. ஒரு சொட்டுப் பால் கூடவில்லை.

சினைப்பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஒன்றைத் தவறவிட்டால் வற்றிய நாள் 21 கூடி, 2,310 ரூபாய் போச்சு. ஈத்து (ஒரு கன்றிலிருந்து அடுத்த கன்று வரை) முழுக்க லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். புண்ணாக்கு மூட்டைக்கு ஐம்பது ரூபாய் பேரம் பேசுகிற ஆளே, விடியக்காலை பருவத்துக்குக் கத்துகிற மாட்டை ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவார். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. கன்று ஈன்ற 60 நாளிலிருந்து காலண்டரில் குறித்துக் கவனியுங்கள். மூன்று ஊசிக்கும் சினை நிற்காவிட்டால் டாக்டரைக் கூப்பிட்டுக் கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து, காப்பீட்டுச் செலவை எழுதி, சாணம் விற்ற காசைக் கழியுங்கள். 60,000-க்கு வாங்கிய மாட்டை ஐந்து ஈத்துக்குப் பின் 20,000-க்குக் கொடுத்தால், லிட்டருக்கு 3 ரூபாய் 33 காசு தேய்மானம்.

கடைசியில் உங்கள் கூலி. நாலு மாட்டுக்குத் தினம் நாலு மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் என்றாலே லிட்டருக்குப் பத்து ரூபாய் வரும். ஆக, தீவனம், தேய்மானம், கூலி மட்டும் கூட்டினாலே, நல்லபடியாகச் சினை பிடிக்கிற மாட்டுக்கே லிட்டருக்கு 45 ரூபாய். 2023 டிசம்பரில் 3 ரூபாய் கூட்டியபோது ஆவினில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 38 ரூபாய் ஆனது. அந்த விலைக்கு ஊற்றினால், பத்து ரூபாய்க் கூலியில் மூன்றுதான் கைக்கு வரும்.