மலேரியா: ஆசனவாய் மருந்தா, மாத்திரையா? எங்கே தவறுகிறோம்

வேலூர்ப் பக்கம் மலேரியா என்றால் குளோரோகுயின் மாத்திரை நினைவுக்கு வரும். வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி வகைக்கு அது சரி. ஆனால் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் ஃபால்சிபாரம் என்ற வகை அதிகம்; அது குளோரோகுயினுக்குப் பெரும்பாலும் அடங்காது. அங்கிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்கு வருபவர்களுக்கோ, போய்த் திரும்பியவர்களுக்கோ காய்ச்சல் என்றால் குளோரோகுயினை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ‘பாசிட்டிவ்’ என்றதும் கிளம்பிவிடாமல் எந்த வகை என்று கேளுங்கள்.

பெரிய தவறு இனிமேல்தான். குழந்தைக்கு வலிப்பு வருகிறது, அல்லது எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. அந்த நேரத்தில் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். மூச்சுக்குழலுக்குள் போனால் அதுவே ஆபத்து. விழுங்க முடியாத இந்த நிலைக்குத்தான் ஆசனவாய் வழி ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து; மலக்குடல் சவ்வு வழியாக ரத்தத்தில் சேரும். ஊசி போட வழியில்லாத இடத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் ஒரே ஒரு வேளை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுகாதாரப் பணியாளர் கையில் இருக்க வேண்டிய மருந்து இது. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குவதல்ல. காய்ச்சலுக்கு ஆசனவாயில் வைக்கும் பாரசிட்டமால் சப்போசிட்டரியும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். அது சூட்டைத்தான் தணிக்கும், கிருமியைத் தொடாது.

வைத்தவுடன் கையை எடுத்துவிட்டால் குழந்தை முக்கி வெளியே தள்ளிவிடும். புட்டங்களைச் சேர்த்து 10 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டால் மறுபடி வைக்க வேண்டும்.

அப்புறம், குழந்தை கண் விழித்ததும் “இனி எதுக்கு ஆஸ்பத்திரி?” என்று பயணத்தை நிறுத்துவது. பீஞ்சமந்தை மாதிரி ஜவ்வாது மலை ஊரிலிருந்து இறங்குவது லேசில்லைதான். ஆனாலும் இது ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்குமான மருந்து மட்டுமே. காங்கோ, நைஜீரியா, உகாண்டாவில் நடந்த பெரிய ஆய்வில், இதைக் கொடுத்தும் எதிர்பார்த்தபடி உயிரிழப்பு குறையவில்லை. மேல்சிகிச்சை முழுமையாகக் கிடைக்காத குழந்தைகள் அங்கே ஏராளம். ஆஸ்பத்திரியில் குறைந்தது 24 மணி நேரம் ஆர்ட்டிசுனேட் ஊசி, பிறகு 3 நாள் கூட்டு மாத்திரை (ஆர்ட்டிசுனேட் வகை மருந்தோடு இன்னொரு மலேரியா மருந்தும் சேர்ந்தது). அதுதான் முழு வைத்தியம்.

மாத்திரையை மட்டமாக நினைப்பவர்களும் உண்டு. தெளிவாக இருந்து, விழுங்கவும் முடிகிற நோயாளிக்கு மாத்திரைதான் சரி. ஆசனவாய் வழியில் மருந்து சேரும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளைக்கு உரியதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதையும் வாந்தி எடுத்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.