மல்டிபிளேயர் விளையாட்டுக்கு ஒரு கிராஃபிக்ஸ் மெனு: கணினி, கண், களம்

தனியாக ஆடும் விளையாட்டில் ஒருவர் கிராஃபிக்ஸ் மெனுவில் புல் வரையப்படுவதை அணைத்துவிட்டால், அழகு குறைவது அவருடைய திரையில் மட்டும்தான். பத்துப் பேர் மோதும் களத்தில் ஒருவர் அதையே செய்தால், புல்லுக்குள் மூச்சடக்கிப் படுத்திருக்கும் எதிராளி அவருக்கு வெட்டவெளியில் கிடப்பவராகத் தெரிகிறார். படுத்திருப்பவருக்கோ தாம் ஒளிந்திருக்கவில்லை என்பதே தெரியாது. மல்டிபிளேயர் விளையாட்டின் கிராஃபிக்ஸ் மெனுவைக் கடினமாக்குவது இந்தச் சிக்கல்தான். பட்டன்களையும் ஸ்லைடர்களையும் அடுக்குவது அரைநாள் வேலை. எதை ஆட்டக்காரர் கையில் கொடுப்பது, எதைக் கொடுக்காமலிருப்பது என்று முடிவெடுப்பதற்கே நாட்கள் ஆகும். யூனிட்டி, அன்ரியல், கோடோட் என்று எந்த எஞ்சினில் (விளையாட்டைக் கட்டப் பயன்படும் மென்பொருளில்) வேலை செய்தாலும் பொருந்தும்படி, இப்படியொரு மெனுவை முதன்முறையாகக் கட்டுபவருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஒவ்வோர் அமைப்பும் யாருக்குச் சொந்தம்?

எஞ்சினைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து, அவற்றுக்குக் கணினி, கண், களம் என்று தலைப்பிடுங்கள். மனத்தில் தோன்றும் ஒவ்வோர் அமைப்பையும் அவற்றுள் ஒன்றில் எழுதுங்கள்.

ரெசல்யூஷன், சாளர முறை, வி-சிங்க் (ஃப்ரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைப்பது), ஃப்ரேம் உச்சவரம்பு (வினாடிக்கு அதிகபட்சம் எத்தனை படங்கள் வரையலாம் என்பது), டெக்ஸ்சர் தரம் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களின் தரம்), விளிம்பு மென்மையாக்கல், பிரதிபலிப்பின் தரம் ஆகியவை கணினியைச் சேர்ந்தவை. கணினி மாறினால் இவையும் மாற வேண்டும். வெளிச்சம், அசைவு மங்கல், கேமரா அதிர்வு, எழுத்தின் அளவு, நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கான வண்ணத் தொகுப்பு ஆகியவை கண்ணைச் சேர்ந்தவை; ஆள் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் இவை அவரோடு போக வேண்டும். புகைக்குண்டின் அடர்த்தி, மூடுபனி, ஆள் மறையக்கூடிய செடிகள், எதிராளியின் உருவம் எவ்வளவு தொலைவு வரை வரையப்படும் என்பது ஆகியவை களத்தைச் சேர்ந்தவை. மூன்றாவது பத்தியில் விழுந்த எதுவும் மெனுவில் இடம்பெறக் கூடாது.

சில அமைப்புகள் இரண்டு பத்திகளில் கால் வைக்கும். அவற்றை வெட்டிப் பிரிக்க வேண்டும். நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் மூலையில் நிற்பவரின் நிழல் தரையில் நீண்டு விழுந்தால், அவர் அங்கே நிற்பது எதிரே வருபவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நிழலை முழுவதும் அணைத்தவருக்கு அந்தத் தகவல் கிடைப்பதில்லை. ஆகவே ஆட்களின் நிழல் விழுகிறதா என்பது களத்தைச் சேர்ந்தது, அந்த நிழலின் ஓரம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பது கணினியைச் சேர்ந்தது. மிகக் குறைந்த நிலையிலும் ஆட்களுக்கு ஒரு மலிவான நிழல் விழட்டும். மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் உரிய நிழல்களை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம். புல்லும் அப்படியே. கணுக்கால் உயரப் புல் வெறும் அலங்காரம், அதைத் தாராளமாகக் குறைக்கலாம். ஆள் படுத்து மறையும் உயரத்தில் உள்ள புல் சுவருக்குச் சமம். ஆள் எவ்வளவு தொலைவு வரை தெரிகிறாரோ, அவ்வளவு தொலைவு வரை அதுவும் வரையப்பட வேண்டும்.

இந்த வேலையை எஞ்சின் நமக்காகச் செய்து தராது. அன்ரியல் எஞ்சினின் ஆயத்தத் தர நிலைகளில், அடர்த்திக் குறைப்பை ஏற்கும்படி குறிக்கப்பட்ட செடிகள் மிகக் குறைந்த நிலையில் முற்றிலும் மறைந்துவிடும். வேகம் என்ற நோக்கில் அது நியாயமான இயல்புநிலையே. உங்கள் விளையாட்டில் அந்தச் செடிக்குள் ஆள் பதுங்குவார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? மறைவிடச் செடிகளுக்கு அந்தக் குறியை நீங்கள்தான் நீக்க வேண்டும்.

இடம் கிடைத்தால் ஆட்டக்காரர்கள் அழகை விட்டுக்கொடுத்து வெற்றியை வாங்குவார்கள் என்பதில் ஐயம் வேண்டாம். 1999இல் வெளியான குவேக் 3 அரீனாவில், டெக்ஸ்சர்களை மங்கலாக்கும் ஓர் அமைப்பு பலவீனமான கணினிகளுக்காக இருந்தது. வலுவான கணினி வைத்திருந்த போட்டி ஆட்டக்காரர்களும் அதை வேண்டுமென்றே உச்சத்துக்கு உயர்த்தினார்கள். சுவர்கள் வெற்று வண்ணத் தகடுகளாகிவிட, எதிராளி மட்டும் பளிச்சென்று தெரிந்தார்.

இரண்டாம் படி: மெனுவை வரையாதீர்கள், அட்டவணையை எழுதுங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர் பெரும்பாலும் ஒவ்வோர் ஸ்லைடருக்கும் ஒரு நிரலைத் தனியாக எழுதி, அதையே திரையில் ஒட்டிவிடுகிறார். ஆறு அமைப்புகள் வரை இது தாங்கும். இருபதைத் தாண்டினால், ஒன்றை மாற்றப் போய் நான்கு கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கும். இதற்கு மாறாக, அமைப்புகள் அனைத்தையும் ஒரே தரவு அட்டவணையில் எழுதி, மெனுத் திரை அந்த அட்டவணையைப் படித்துத் தன்னைத்தானே உருவாக்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். ஒரு வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

அடையாளம்: நிழல்_தரம்
திரையில் தோன்றும் பெயர்: நிழலின் தரம்
உரிமை: கணினி
மதிப்புகள்: குறைவு, நடுத்தரம், அதிகம்
இயல்புநிலை: நடுத்தரம்
சுமை: கிராஃபிக்ஸ் கார்டு அதிகம், பிராசசர் ஓரளவு
நடைமுறைக்கு வருவது: உடனே
விளக்கம்: நிழல்களின் ஓரக் கூர்மையை மாற்றும். எதிராளிகளின் நிழல் எந்த நிலையிலும் மறையாது.

நெகிழ்வு என்று நான் சொல்வது இதைத்தான். நாளை ஒரு புதிய அமைப்பைச் சேர்ப்பது ஒரு வரிசையைச் சேர்ப்பதோடு முடிந்துவிடும். விளக்கத்தின் கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள்: எதைக் குறைத்தாலும் போட்டியில் தமக்கு இழப்பு நேராது என்று ஆட்டக்காரர் அறிந்தால்தான் துணிந்து குறைப்பார்.

மதிப்பைச் சேமிக்கும்போது அதன் பெயரைச் சேமியுங்கள், வரிசை எண்ணைச் சேமிக்காதீர்கள். என் முதல் மெனுவில் குறைவுக்கு 0, நடுத்தரத்துக்கு 1, அதிகத்துக்கு 2 என்று எண்களைச் சேமித்திருந்தேன். பின்னர் ஒரு புதுப்பிப்பில் எல்லாவற்றுக்கும் கீழே மிகக் குறைவு என்ற நிலையைச் சேர்த்தேன். மறுநாள் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தரம் ஒரு படி இறங்கியிருந்தது. அவர்கள் யாரும் மெனுவைத் தொடவில்லை, நானும் நிழல் நிரலைத் தொடவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போயிற்று.

மூன்றாம் படி: சுமையை மில்லிவினாடியில் எண்ணுங்கள்

வினாடிக்கு 60 ஃப்ரேம்கள் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி; 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிவினாடிதான். ஆகவே ஓர் அமைப்பு 10 ஃப்ரேம் குறைக்கிறது என்று குறித்து வைப்பதைவிட, அது 1.5 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது என்று குறித்து வைப்பது பயனுள்ளது. முன்னது கணினியின் வேகத்தைப் பொறுத்துப் பொருள் மாறும், பின்னதைக் கூட்டவும் கழிக்கவும் முடியும்.

சுமை எங்கே விழுகிறது என்பதையும் பிரித்துப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும்வரை டெக்ஸ்சர் தரம் ஏறத்தாழ இலவசம். அடங்காமல் போன நொடியில் ஆட்டம் திக்கத் தொடங்கும். அதனால் அதன் அருகே நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஒரு பட்டை இருப்பது நல்லது. பிக்சல் எண்ணிக்கைதான் கார்டுக்குப் பெரிய சுமை. 3840×2160 என்பது 1920×1080ஐப் போல நான்கு மடங்கு பிக்சல்கள். வரைவு அளவை, அதாவது காட்சியைத் திரையின் ரெசல்யூஷனில் எத்தனை சதவீதத்தில் வரைவது என்பதை, 75 சதவீதமாக்கினால் நீளமும் அகலமும் சேர்ந்து குறைவதால், வரைய வேண்டிய பிக்சல்கள் 56 சதவீதமாகிவிடும். ஒரு மெனுவில் ஒரே ஒரு ஸ்லைடர் வைக்கத்தான் அனுமதி என்றால் நான் வரைவு அளவைத்தான் வைப்பேன். முப்பரிமாணக் காட்சிக்கு மட்டும் அதைப் பொருத்தி, எழுத்துகளையும் குறிபார்க்கும் சின்னத்தையும் திரையின் முழு ரெசல்யூஷனில் வரையுங்கள். காட்சி மங்கினாலும் எழுத்து மங்கக் கூடாது.

நான்காம் படி: திரை, ஃப்ரேம், பார்வைக் கோணம்

மானிட்டர் ஏற்கும் ரெசல்யூஷன்களின் பட்டியலை எஞ்சினிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களாக எழுதாதீர்கள். யூனிட்டியில் இந்தப் பட்டியலை அப்படியே காட்டினால் 1920×1080 நான்கைந்து முறை வந்து நிற்கும். ஒவ்வொரு புதுப்பிப்பு வேகத்துக்கும் ஒரு வரி தருவதே காரணம். ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்துவிட்டுப் புதுப்பிப்பு வேகத்தைத் தனி வரியாக்குங்கள். ரெசல்யூஷனையோ சாளர முறையையோ மாற்றியதும், இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு 15 வினாடி எண்ணுங்கள். பதில் வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புங்கள். திரை கருப்பாகிப் போனவரால் எந்த பட்டனையும் அழுத்த முடியாது அல்லவா?

ஓர் அமைப்பு இன்னொன்றைச் செயலற்றதாக்கும்போது அந்த வரியை மறைக்காதீர்கள். மங்கலாக்கி, காரணத்தை அதன் அருகிலேயே எழுதுங்கள். யூனிட்டியில் வி-சிங்க் இயங்கும்போது ஃப்ரேம் உச்சவரம்பு பொருட்படுத்தப்படுவதில்லை என்பது நல்ல எடுத்துக்காட்டு. காரணம் சொல்லாத மங்கலான வரியைப் பார்ப்பவர், உங்கள் மெனு பழுதாகிவிட்டது என்றே முடிவு கட்டுவார்.

பார்வைக் கோணம் கண்ணுக்கும் களத்துக்கும் நடுவே நிற்பது. குறுகிய கோணத்தில் சிலருக்குத் தலைசுற்றல் வருகிறது, ஆகவே மாற்ற விட வேண்டும். அகன்ற கோணம் பக்கவாட்டில் வருபவரைக் காட்டிக்கொடுக்கிறது, ஆகவே எல்லாருக்கும் பொதுவான ஓர் எல்லை வேண்டும். ஸ்லைடரில் உள்ள எண் கிடைமட்டக் கோணமா, செங்குத்துக் கோணமா என்பதையும் எழுதிக் காட்டுங்கள். 16:9 திரையில் 90 பாகை கிடைமட்டக் கோணம் என்பது செங்குத்தில் ஏறத்தாழ 59 பாகை. அதே செங்குத்துக் கோணத்தோடு 2560×1080 அளவுள்ள அகலத் திரையில் பார்த்தால் கிடைமட்டக் கோணம் 106 பாகையாகிறது. அந்த 16 பாகை கூடுதலை அனுமதிப்பதா, வெட்டுவதா என்பது உங்கள் விளையாட்டின் விதி. தெரியாமல் நிகழ்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஃப்ரேம் வேகம் ஆட்டத்தின் இயற்பியலைத் தொடுகிறதா என்பதையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். முன்பு சொன்ன குவேக் 3இல், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஆளின் நகர்வு வேகத்தை முழு எண்ணாக்கும் கணக்கின் விளைவாக, வினாடிக்கு 125 ஃப்ரேமில் ஆடியவர் மற்றவர்களைவிடச் சற்று உயரமாகக் குதிக்க முடிந்தது. நகர்வுக் கணக்கு மாறாத கால இடைவெளியில் ஓடினால், ஃப்ரேம் உச்சவரம்பு மறைமுகமான ஓர் ஆயுதமாகாது.

ஐந்தாம் படி: ஆயத்தத் தொகுப்புகள்

பெரும்பாலானோர் குறைவு, நடுத்தரம், அதிகம் என்பதில் ஒன்றை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். தொகுப்பு என்பது அட்டவணையின் மதிப்புகளைக் குறிக்கும் ஒரு பட்டியல் மட்டுமே. ஏதேனும் ஒரு வரியைக் கையால் மாற்றியதும் தொகுப்பின் பெயர் தனிப்பயன் என்று மாற வேண்டும். தொகுப்பை மாற்றும்போது கணினிப் பத்தியில் உள்ளவை மட்டும் மாறட்டும். குறைவு என்பதை அழுத்தியவரின் வண்ணத் தொகுப்பும் வெளிச்சமும் அழிந்துபோனால், அவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

ஆறாம் படி: ஆட்டத்தின் நடுவே மாற்றுபவர்

மல்டிபிளேயரில் ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது; மெனுவைத் திறந்து வைத்திருப்பவரும் களத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறார். ஆகவே மெனு திரை முழுவதையும் மூடாமல் ஒரு பக்கமாகத் திறந்து, அடிபடும் ஒலியைக் கேட்க விட்டு, ஒரே விசையில் மூடப்பட வேண்டும். ஒரு கணம் திரையை உறைய வைக்கும் மாற்றங்களை, அதாவது டெக்ஸ்சர்களை மீண்டும் ஏற்றுவது, ஷேடர்களை (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் வரைவு நிரல்களை) மறுபடி தொகுப்பது போன்றவற்றை, அட்டவணையில் அடுத்த சுற்றில் நடைமுறைக்கு வரும் என்று குறித்து, திரையிலும் அவ்வாறே சொல்லுங்கள்.

ஏழாம் படி: இரண்டு கோப்புகள்

கணினிப் பத்தியை ஒரு கோப்பிலும் கண் பத்தியை இன்னொன்றிலும் சேமியுங்கள். முதலாவது அந்தக் கணினியிலேயே தங்கும். இரண்டாவது மட்டும் ஆட்டக்காரரின் கணக்கோடு கிளவுடுக்குப் போகும். இரண்டையும் ஒன்றாக அனுப்பினால், மேசைக் கணினியில் உச்சத் தரத்தில் ஆடியவர் அன்றிரவு மடிக்கணினியைத் திறக்கும்போது ஒற்றை இலக்க ஃப்ரேமில் தவிப்பார். கோப்பின் தொடக்கத்தில் பதிப்பு எண் ஒன்று இருக்கட்டும். படிக்கும்போது அறியாத பெயர் வந்தால் இயல்புநிலையை எடுங்கள், எல்லை மீறிய எண் வந்தால் எல்லைக்குள் கொண்டுவாருங்கள், கோப்பே சிதைந்திருந்தால் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் விளையாட்டு திறக்காமல் நின்றுவிடக் கூடாது.

இந்தக் கோப்பை ஆட்டக்காரர் கையால் திருத்துவார் என்பதை எழுதும்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லைச் சோதனையை ஸ்லைடரில் மட்டும் வைத்தால், பார்வைக் கோணத்தை 160 என்று கோப்பில் எழுதி உள்ளே வந்துவிடுவார். மதிப்பைக் கேமராவுக்குக் கொடுக்கும் இடத்தில் அதே எல்லையை மீண்டும் சோதியுங்கள். களப் பத்தியில் உள்ளவற்றின் மதிப்புகளை, ஆட்டம் தொடங்கும்போது சர்வரே அனுப்பட்டும். விளையாட்டின் நிரலையே மாற்றுபவரை இவை தடுக்காது, அது வேறு போராட்டம்; நோட்பேடைத் திறக்கத் தெரிந்த எல்லாரும் புல்லை அணைத்துவிடுவதை இவை தடுக்கும்.

எட்டாம் படி: இரண்டு திரைகளை அருகருகே வையுங்கள்

ஒரே ஆட்டத்தில் இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றில் எல்லாவற்றையும் மிகக் குறைந்த நிலைக்கும் மற்றதில் மிக உயர்ந்த நிலைக்கும் கொண்டுபோங்கள். மூன்றாவதாக ஒருவரை உயரமான புல்லுக்குள் படுக்கச் சொல்லுங்கள், பிறகு புகைக்குள் நிற்கச் சொல்லுங்கள், பிறகு விளக்குக்கு முன்னே சுவர் மூலையில் நிற்கச் சொல்லுங்கள். அருகிலிருந்தும், நடுத் தொலைவிலிருந்தும், அவர் ஒரு புள்ளியாகத் தெரியும் தொலைவிலிருந்தும் பாருங்கள். ஒரு திரையில் தெரிகிறவர் மற்றொன்றில் தெரியாவிட்டால், எந்த அமைப்பு அதற்குக் காரணம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கண்டுபிடித்து, அட்டவணையில் அதன் உரிமையைக் கணினி என்பதிலிருந்து களம் என்று திருத்துங்கள். அந்த வரி மெனுவிலிருந்து தானாகவே மறைந்துவிடும்.