வலிப்புக்கு மூளை ஸ்கேன்: போகுமுன் செய்ய வேண்டியவை

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தம்பி செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவன். முதல் தடவை பெரிய வலிப்பு வந்து விழுந்த அன்று அவசரப் பிரிவில் சி.டி. ஸ்கேன் எடுத்து, "ஒன்னும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். மூன்றாம் வாரம் மறுபடி விழுந்தான்.

சி.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரத்தக் கசிவு, பெரிய கட்டி, மண்டையோட்டு விரிசல் என்று அவசரத்துக்குப் பார்க்க வேண்டியவை அதில் தெரியும். சின்ன வடு பெரும்பாலும் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். எம்.ஆர்.ஐ. சுத்தமாக வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. இது வலிப்பு நோய்தானா என்பதை டாக்டர் முக்கியமாகக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். அது ஏன் வருகிறது, மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தேடத்தான் படம்.

அதனால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கும்போதே பார்த்ததை எழுதிவையுங்கள். நான் கடைக் கணக்கு எழுதும் 555 நோட்டில் எழுதினேன். வருவதற்கு முன் தம்பி, "அக்கா, வயித்துல இருந்து என்னமோ ஏறுது" என்பான். பிறகு கண் நிலைகுத்தும், வாயைச் சப்புவான். வலது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும், இடது கை விறைத்து நிற்கும். நரம்பு டாக்டர் அந்தக் கை விஷயத்தை இரண்டு தடவை படித்தார். மூளையில் வலது நெற்றிப்பொட்டுப் பக்கமாக இருக்கலாம் என்று சொல்லி, அதையே ஸ்கேன் படிவத்திலும் எழுதினார். முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள், எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். சின்ன வயதில் நடந்ததையும் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒன்றரை வயதில் காய்ச்சலோடு அரை மணி நேரம் வலிப்பு வந்ததை அம்மா அன்றுதான் சொன்னார்.

படிவத்தில் 'மயக்கம்' என்று மட்டும் இருந்தால் சாதாரண மூளை ஸ்கேனோடு நின்றுவிடலாம். வலிப்புக்கென்று மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் முறை தனி. சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2019-இல் அதை வரையறுத்துப் பரிந்துரைத்திருக்கிறது. "வலிப்புக்கு எடுக்கிற மாதிரிதானே எடுப்பீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். தம்பிக்கு அப்படி எடுத்ததில்தான் வலது ஹிப்போகாம்பஸில், அதாவது நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் மூளையில் ஞாபகத்துக்கான பகுதியில், வடு இருப்பது தெரிந்தது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது, ஆனால் அது பெரிய காந்தம். தாயத்து, அரைஞாண், மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். உடம்புக்குள் கிளிப், பேஸ்மேக்கர் இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. தம்பி கத்தியை கிரைண்டரில் தீட்டும்போது ஒருமுறை கண்ணில் இரும்புப் பொடி தெறித்தது. அதைச் சொன்னதும், முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். கண்ணில் துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை நகர்த்திவிடும். இப்படி எது நடந்திருந்தாலும் மறைக்காதீர்கள்.

உள்ளே அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். தகரத்தில் தட்டுகிற மாதிரி சத்தம், காதை அடைக்க ஏதாவது கொடுப்பார்கள். கையில் ஒரு ரப்பர் உருண்டை தருவார்கள். உடம்பு ஒரு மாதிரி ஆனால் அதை அமுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டியிருக்கும். அப்போதும் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், காலை மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டோடு படம் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் பழைய படத்தோடு ஒப்பிட அது வேண்டும்.

தம்பி இப்போது இரண்டாவது மருந்தில் இருக்கிறான். மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) அவனை உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், ஆபரேஷன் செய்ய முடியுமா என்று கேட்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இவனுக்கு இருப்பது போன்ற வடு படத்தில் தெளிவாகத் தெரிந்தவர்கள் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவே கூடாது. அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு அதைத்தான் நோட்டில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.