கை கால் மதமதப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஆண்டுதோறும் புதிய பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள். கை கால் மரத்துப்போகிறது என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் பேசி முடிப்பதற்குள் சத்து மாத்திரை எழுதிவிடுகிறார்கள். எங்கள் பயிற்சிக் காலத்தில் நாங்களும் இதையேதான் செய்தோம். வீடுகளிலும் இதே நிலைதான், ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற ஒரே பெயரில் எல்லாம் அடங்கிவிடுகிறது. சம்மணமிட்டு எழுந்ததும் கால் மரப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது இரண்டு நிமிடத்தில் போய்விடும். போகாமல் தங்குகிற, திரும்பத் திரும்ப வருகிற மதமதப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கே என்று சொல்லாமல் விடுவது

எந்த விரல் என்று சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, நடு இரவில் விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். தையல் வேலை செய்பவர்கள், கர்ப்பிணிகள், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோரிடம் இதை அதிகம் பார்க்கிறோம். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் என்றால் பெரும்பாலும் முழங்கையில் சிக்கல். கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட அளவுக்கு மெல்ல மேலேறினால் காரணம் பாதத்தில் இல்லை, உடலில் இருக்கிறது. சர்க்கரை முதல் சந்தேகம். வைட்டமின் பி12 குறைவு, மது, சிறுநீரகக் கோளாறு, காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், சில புற்றுநோய் மருந்துகள் எல்லாம் அடுத்து வரும்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் ஊசி

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சைவம். பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துவந்தார். பாதம் மதமதப்பு என்றதும் தெருமுனை கிளினிக் ஒன்றில் சிவப்பு ஊசி, அதாவது பி12 ஊசி, போட்டார்கள். கொஞ்சம் தெம்பு வந்தது, நிறுத்திவிட்டார். மதமதப்பு திரும்பியது, மறுபடி ஊசி. நடுவில் ரத்தம் குறைவு என்று வேறொருவர் ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார். ஹீமோகுளோபின் ஏறியது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் ஒருநாள் முகம் கழுவக் கண்ணை மூடியவர் அப்படியே சாய்ந்து விழுந்தார். இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. பி12 அளவு பார்த்தார்கள், தாராளமாக இருந்தது. இருக்காதா பின்னே, முந்தின வாரம்தானே ஊசி போட்டது! ‘பி12 சரி, சர்க்கரையால் வந்தது’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

எங்களிடம் வந்தபோது கணுக்காலில் வைத்த இசைக்கவையின் அதிர்வு அவருக்குத் தெரியவேயில்லை. தண்டுவடத்தின் பின்பகுதிவரை பாதிப்பு போயிருந்தது. பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்த பிறகுதான் நடந்தது புரிந்தது. முறையாக ஊசி கொடுத்து, பல மாதங்களில் நடை மீண்டது. பாத உணர்வு முழுதாகத் திரும்பவில்லை.

மெட்ஃபார்மின் பி12 குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அமிலத்தைக் குறைக்க வருடக்கணக்கில் சாப்பிடும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லாமல் பாலும் தயிரும் மட்டும் என்றால் உள்ளே போவதே குறைவு. இந்த நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதமோ உள்ளே நடந்துகொண்டே இருக்கும். ரத்த அறிக்கை அழகாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுதான் பயங்கரம்.

அதனால் முதலில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். அதே நாளில் ஊசி போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை. ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் தேதியோடு சொல்லுங்கள். குறைவு என்று உறுதியானால், கொஞ்சம் தெம்பு வந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலருக்கு இது ஆயுள் முழுக்கத் தேவைப்படும். இன்னொன்று: அதிக அளவு பி6 உள்ள மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே மதமதப்பை உண்டாக்கும்.

மரத்த காலை வெந்நீரில் வைப்பது

கூடவே கூடாது. தோல் வெந்த பிறகும் தெரியாது. உச்சி வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுவதும் இப்படித்தான்.

வலிக்கவில்லை என்று நிம்மதியாக இருப்பது

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களால்தான் அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் இது பொருந்தும். செருப்புக்குள் கிடந்த சிறு கல்லோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, மாலையில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். போடுமுன் செருப்பை உதறுங்கள். இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு அணியுங்கள். சர்க்கரை இருந்தால், மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள்.

தேமல் என்று விட்டுவிடுவது

வெளிறிய அல்லது சிவந்த படை, அரிப்பு இல்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை என்றால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். அது இன்னும் ஒழியவில்லை. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். வெட்கப்பட்டு மறைத்தால் கை மடங்கிப்போகும்.

விடியட்டும் பார்க்கலாம் என்பது

முகம், கை, கால் ஒரு பக்கமாகத் திடீரென மரத்தால் உடனே 108. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோன சில வாரங்களுக்குள் கால் மரத்து, பலவீனம் நாளுக்கு நாள் மேலேறினால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் தசைகளும் செயலிழக்கக்கூடும். முதுகுவலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்து, சிறுநீரும் போகவில்லை என்றாலும் அதேதான்.