மாடித் தொட்டியிலிருந்து கைப்பேசிக்கு: ஐந்து பேர் குழுவுக்கு ஒரு பருவத் திட்டம்

மொரீசியஸில் அக்டோபர் தொடங்கிக் கோடை மழை பிடிக்கும் வரை குழாயில் தண்ணீர் வரும் நேரம் சுருங்கிவிடும். அந்த மாதங்களில் பல வீடுகளுக்கு மொட்டை மாடித் தொட்டிதான் கதி. அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க யாராவது ஏணி ஏற வேண்டும். தொட்டியின் நீர் மட்டத்தை உணரியால் (சென்சார்) அளந்து கைப்பேசியில் காட்டும் கருவி, மொரீசியஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ரெட்யூயில் ஆகஸ்டில் பருவம் தொடங்கும் மாணவர் குழுவுக்கு நல்ல பொருள். பாகங்கள் மலிவு, சோதிக்கும் இடம் சொந்த வீடு, பயன்படுத்தப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

குழுத் திட்டங்கள் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் கவிழ்கின்றன. ஐந்து பேரும் ஆளுக்கொரு பகுதியைத் தனியாக முடித்துக்கொண்டு வந்து இணைக்கப் பார்ப்பார்கள், இணையாது. அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் எல்லாவற்றையும் அரைகுறையாக இணையுங்கள். செம்மைப்படுத்துவது பிறகு.

முதல் வாரம்: மூன்று வீடுகள்

இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேச, மற்றவர் எழுதட்டும். கேள்விகள் கிரியோலிலேயே இருக்கட்டும். அறிக்கை மொழியில் கேட்டால் அறிக்கை மொழியில்தான் பதில் வரும். "இப்படி ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதீர்கள். டீ கொடுத்து உட்காரவைத்த அத்தை "இல்லை" என்று சொல்லவே மாட்டார். "போன தடவை தண்ணீர் நின்றபோது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மைத் தேவை தெரியும். தொட்டியில் எத்தனை சதவீதம் என்பது யாருக்கும் பெரிய கவலை இல்லை. இன்று துணி துவைத்தால் நாளைக் காலை குளிக்கத் தண்ணீர் மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. உங்கள் திரை பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

போகும்போதே ஒப்புதல் தாளும் எடுத்துப் போங்கள். 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாணவர் திட்டம் என்று விலக்குத் தரும் என எண்ண வேண்டாம். தண்ணீர் அளவு சாதாரணத் தகவல் போலத் தெரியும். ஆனால் மூன்று நாள் மட்டம் அசையாமல் நின்றால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்குப் பெயர் வேண்டாம், "அ", "ஆ" என்று குறியிடுங்கள்.

இரண்டாம் வாரம்: 42 என்ற எண்ணை அனுப்புங்கள்

இந்த வாரம் உணரி கிடையாது. ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சிறு மின்னணுப் பலகை ஒன்று, யூஎஸ்பி கம்பி ஒன்று, ஒரு கூகுள் ஷீட். வீட்டின் குறி, தூரம் (உணரியிலிருந்து நீர் மட்டம் வரை, செ.மீ.) என்ற இரண்டை மட்டும் பலகை அனுப்பும். தூரத்தின் இடத்தில் எப்போதும் 42. ஷீட்டோடு இணைந்து ஓடும் கூகுளின் சிறு நிரலான ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அதை வாங்கி, நேரத்தைச் சேர்த்து ஷீட்டில் எழுதும். திரை, கடைசி வரியைக் காட்டும். இந்த வடிவத்தை ஐந்து பேரும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்துவிட்டால், உணரிக்காரர் முடிக்கும் வரை திரைக்காரர் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை.

எளிதாகத் தோன்றும் இந்த வாரத்தில்தான் அதிக நேரம் போகும்:

- கணினி பலகையைக் கண்டுகொள்ளாவிட்டால் முதலில் கம்பியை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கம்பிகளில் தரவு இழையே இருக்காது.
- ஈஎஸ்பி32 பிடிப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும். பயனர் பெயர் கேட்கும் வளாக வலையோடு மல்லுக்கட்டாமல் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைத் திறங்கள். ஐபோனாக இருந்தால் அதிகப் பொருத்தம் தரும் அமைப்பை (Maximize Compatibility) இயக்க வேண்டும்.
- ஷீட்டில் வரி ஏறியிருக்கும், பலகையோ 302 என்று காட்டும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பதிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதால் வருவது அது; பலகையின் நிரலில் திருப்பத்தைப் பின்தொடரச் சொல்லுங்கள்.
- ஸ்கிரிப்ட்டைத் திருத்தியும் பழையபடியே நடந்தால், புதிய பதிப்பாக வெளியிட மறந்திருப்பீர்கள்.
- நேரம் நான்கு மணி பின்தங்கினால் ஸ்கிரிப்ட்டின் நேர மண்டலத்தைப் பாருங்கள். நம் நேரம் உலக நேரத்துக்கு 4 மணி முன்னால்.

நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வையுங்கள். வைஃபை கடவுச்சொல் தனிக் கோப்பில் இருக்கட்டும், அந்தக் கோப்பு மேலே ஏறக் கூடாது. ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய பதிவுகளில் கிடக்கும். அப்படி நேர்ந்தால் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

வேலைப் பங்கீடு

உணரி, பலகை நிரல், ஷீட்டும் ஸ்கிரிப்ட்டும், திரை, வீட்டுச் சோதனை: ஐந்து பேருக்கு ஐந்து. "நீ நன்றாக எழுதுவாய், அறிக்கையை நீ பார்த்துக்கொள்" என்று ஒருவரை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பருவம் முழுக்க ஒன்றும் கற்காமல் போவார். ஒவ்வொரு பகுதிக்கும் துணை ஆள் ஒருவர் இருக்க வேண்டும். தீபாவளி வாரத்தில் பாதிக் குழு ஊரில் இருக்கும்போது இதன் அருமை தெரியும்.

மூன்று முதல் ஆறாம் வாரம் வரை: உணரி

தேவையானவை: ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா மீயொலி உணரி 1, 1 கிலோ ஓம் மின்தடை 3, 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 1, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்.

உணரிக்கு 5 வோல்ட் கொடுத்தால், எதிரொலி நேரத்தைத் தெரிவிக்கும் அதன் எக்கோ முனையிலிருந்தும் 5 வோல்ட் வரும். ஈஎஸ்பி32-இன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. நேரே மாட்டினால் சில நாள் வேலை செய்வது போலிருக்கும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எக்கோவுக்கும் முனை 26-க்கும் நடுவே ஒரு மின்தடை. முனை 26-இலிருந்து தரைக்கு (ஜிஎன்டி முனை) மற்ற இரண்டும் தொடராக. இப்போது முனைக்குக் கிடைப்பது சுமார் 3.3 வோல்ட். அளக்கத் தொடங்கச் சொல்லும் டிரிக்கர், பலகையின் முனை 25-க்குப் போகட்டும். வைஃபை இயங்கும் கணத்தில் பலகை அணைந்து எழுந்தால் மின்னழுத்தம் சரிகிறது என்று பொருள். மின்தேக்கியை 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் குறுக்கே, நேர் எதிர் பார்த்து மாட்டுங்கள்.

எதிரொலி திரும்பும் நேரத்தை மைக்ரோ நொடியில் எடுத்து 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும். அது 20 பாகை வெப்பத்துக்கான கணக்கு. நண்பகலில் மூடிக்கடியில் காற்று 40 பாகையைத் தொட்டால் ஒலி வேகமாகப் போகும், 100 செ.மீ. தூரத்தை 97 செ.மீ. அளவில் காட்டும். வெயிலில் தொட்டி தானே நிறைவது போன்ற அதிசயத்துக்குக் காரணம் இதுதான். வீட்டுக்காரருக்கு 3 செ.மீ. பெரிதல்ல. ஆனால் அறிக்கையில் காரணத்தோடு எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் 60 மில்லிநொடி இடைவெளியில் ஐந்து அளவுகள் எடுத்து, நடு மதிப்பை மட்டும் அனுப்புங்கள். சராசரி எடுத்தால் ஒரு தப்பு எதிரொலி மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

உணரியின் முகத்திலிருந்து முதல் 20, 25 செ.மீ. குருட்டுப் பகுதி. தண்ணீர் அதற்குள் ஏறினால் தாறுமாறான எண் வரும். உணரியை உயர்த்த ஒல்லிக் குழாய் வைப்பவர்கள் உண்டு. குழாய்ச் சுவரே எதிரொலித்து அளவைக் கெடுக்கும். 25 செ.மீ.க்குக் கீழே வரும் எல்லாவற்றையும் "நிறைந்தது" என்று காட்டிவிடுவதே நல்லது. சுவர், மிதவை, நீர் விழும் குழாய் மூன்றையும் விட்டுத் தள்ளிப் பொருத்துங்கள்.

ஏழாம் வாரம்: மாடியில்

வீட்டுக்காரரின் மூடியில் துளை போடாதீர்கள். அது குடிக்கிற தண்ணீர். தடித்த பிளாஸ்டிக் தட்டில் மாற்று மூடி செய்து, உணரியை அதில் பொருத்துங்கள். உணரியின் தலை மட்டுமே நீர்புகாதது. பலகை பெட்டிக்குள், நிழலில் இருக்க வேண்டும். கம்பி பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும். நுழையுமுன் சற்றுத் தொங்கவிட்டால் மழை நீர் அங்கேயே சொட்டிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி இறக்குங்கள், ஏணி ஏறும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

5 நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் நாளுக்கு 288. வைஃபையை அணைக்காமல் ஓட்டினால் அந்த பவர் பேங்க் சுமார் இரண்டரை நாள் தாங்கும். மிச்சப்படுத்த, அளவுகளுக்கு நடுவே பலகையை ஆழ் உறக்கத்தில் (டீப் ஸ்லீப்) போடலாமே என்று தோன்றும். மின்னோட்டம் மிகக் குறைந்தால் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும், பலகை பிறகு விழிக்கவே விழிக்காது.

மீதி வாரங்கள்

வரைபடத்தை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பாருங்கள். "இந்தச் சரிவு எதனால்?" என்று அவரைக் கேளுங்கள், துணி துவைத்ததையும் கழிவறைக் கசிவையும் அவரே பிரித்துச் சொல்வார். ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு துவைப்புக்கு எத்தனை லிட்டர் இறங்கியது என்று கிடைத்ததும், சதவீதத்தை எடுத்துவிட்டு "இன்னும் இரண்டு துவைப்பு" என்று திரையில் போடுங்கள்.

மதிப்பீட்டு நாளுக்கு வாளி, தண்ணீர், சொந்த ஹாட்ஸ்பாட், மாற்றுக் கம்பி எடுத்துப் போங்கள். வாளி குறைந்தது 60 செ.மீ. ஆழம் இருக்கட்டும், குருட்டுப் பகுதி போக மிச்சத்தில்தான் மட்டம் அசைவதைக் காட்ட முடியும். முடிந்ததும் கருவியைக் கழற்றி, வீட்டின் பழைய மூடியைப் போட்டு, அந்த வீட்டின் வரிகளை ஷீட்டிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.