பல் இன்சூரன்ஸ் எடுக்குமுன் ஒரு கழித்தல் கணக்கு

மருத்துவக் காப்பீட்டோடு பல் சிகிச்சைக்கென்று ரைடர், அதாவது துணைக் காப்பீடு, சேர்க்குமுன், அதற்கு வருடத்துக்கு எவ்வளவு கூடுதல் பிரீமியம், பல்லுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். உதாரணமாக, பிரீமியம் 3,000, உச்சவரம்பு 5,000 என்றால், முழுத்தொகையும் கிடைத்தாலும் லாபம் 2,000 ரூபாய்தான். காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு பணம் கேட்க முடியாத ஆரம்பக் காலம்) இருந்தால் முதல் வருடம் அதுவும் கிடைக்காமல் போகலாம். கிளிப், பல் வெண்மையாக்குதல் போன்றவற்றைப் பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் என்பது திடீரென்று வரும் பெரிய செலவுக்கானது. சொத்தைப் பல் அப்படியா? ஐஸ் தண்ணீர் குடித்தால் கூசும், அப்புறம் ராத்திரியில் வலிக்கும். கூசும்போதே போனால் அடைப்பதோடு முடியும். தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சை (ரூட் கெனால்), அதன்மேல் கேப். அதனால் அந்த 3,000-ஐ தபால் நிலைய ஆர்.டி.யில் (தொடர் சேமிப்பில்) மாதம் 250-ஆகப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. குறைந்த செலவில் பல்லைப் பார்க்க, புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, கடலூர்ப் பக்கம் சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. வரிசையில் உட்காரப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கம்பெனியே பிரீமியம் கட்டினால் இந்தக் கணக்கு வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருப்பே இல்லாத பாலிசி கையில் வந்து, வேர் சிகிச்சையும் நிச்சயம் என்றாலும் எடுக்கலாம். விபத்தில் பல் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், சாதாரண மருத்துவக் காப்பீடே பொதுவாக ஏற்கும். அதற்கென்று தனியாக ரைடர் தேவையில்லை.