ஆகஸ்ட் 15-க்குப் புதுச்சேரி வருகிறவர்களுக்கு

என் அக்கா குடும்பம் பாரிஸுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. அத்தானின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்ட் விடுமுறைக்கு வருவார்கள். மஞ்சள் சுவர் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், நேரு வீதியில் துணி வாங்குவார்கள், பீச் ரோட்டில் இரண்டு மாலை நடப்பார்கள், கிளம்பிவிடுவார்கள்.

போன முறை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினேழு வயது. சிம் கார்டு வாங்கிவிட்டு அப்படியே வந்ததால் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ புத்தகமும் அவள் மடியில் இருந்தன. அரவிந்தர் ஆசிரமத்தில் வாங்கிய, தன் ஐந்து கனவுகளைப் பற்றி அரவிந்தர் எழுதிய ஒரு சின்ன வெளியீட்டை அவளிடம் கொடுத்து மூன்றாவது கனவை மட்டும் படி என்றேன். படித்தாள். ஓசிஐ புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "மாமா, இதை எழுதினவருக்கு எங்களைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரவிந்தரை நம் வீடுகளில் யோகி என்றே அறிவோம். தாடியும் வெண்முடியுமாகப் பூஜை அறையில் படம் இருக்கும். அதற்கு முன்னால் அவர் முழுநேர அரசியல்வாதி. கேம்பிரிட்ஜில் படித்து, பரோடா அரசில் வேலை பார்த்து, 1906-இல் கல்கத்தா போய் 'வந்தே மாதரம்' இதழில் முழு விடுதலை வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியவர். 1907 சூரத் காங்கிரசில் திலகர் பக்கம் நின்றவர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஒரு வருடம் சிறையில் இருந்து 1909 மே மாதம் விடுதலையானவர். 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி கப்பலில் புதுச்சேரி வந்து இறங்கினார். பிரெஞ்சு மண் என்பதால் ஆங்கிலேயரால் இங்கே கை வைக்க முடியவில்லை. 1950 டிசம்பர் 5 வரை நாற்பது வருடம் இந்த ஊரை விட்டு அவர் வெளியே போகவே இல்லை.

கட்சி அரசியலுக்கு அவர் திரும்பவில்லை. 1920-இல் காங்கிரஸ் தலைமையை ஏற்கச் சொல்லிக் கேட்டபோதும் மறுத்துவிட்டார். ஆனால் நாட்டைப் பற்றிய கவலை அவரை விட்டுப் போகவில்லை. 1942-இல், போர் முடிந்ததும் சுயாட்சி தருவதாக ஆங்கிலேய அரசு சொன்ன கிரிப்ஸ் திட்டம் வந்தபோது அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லித் தந்தி அடித்தார். துரைசாமி ஐயர் என்ற சென்னை வழக்கறிஞரைத் தில்லிக்கே அனுப்பினார். யாரும் கேட்கவில்லை. பதவி எதுவும் வேண்டாத ஒருவர், கேலி செய்வார்கள் என்று தெரிந்தும் இப்படிச் செய்திருக்கிறார். அவர் மனசு சுத்தமானது என்று நான் நம்ப எனக்கு இந்த ஒன்று போதும்.

சரி, அந்த ஐந்து கனவுகள். 1947 ஆகஸ்ட் 15 அவருடைய 75-ஆவது பிறந்தநாள். திருச்சி வானொலி நிலையம் கேட்டுக்கொண்டதால் ஒரு செய்தி எழுதித் தந்தார். ஒலிபரப்பு நேரத்துக்கு நீளமாகிவிட்டது என்று சுருக்கியும் கொடுத்தார். 14-ஆம் தேதி அது ஒலிபரப்பானது. அன்றைக்குப் புதுச்சேரிக்கு விடுதலை இல்லை. இங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அந்நிய ஆட்சிக்குள் உட்கார்ந்துகொண்டு, விடுதலையான நாட்டுக்கு அவர் சொன்னது இதுதான்: இந்தியா விடுதலை பெற்று ஒன்றாக இருக்க வேண்டும், நடந்துவிட்ட பிரிவினை நிலைத்துவிடக் கூடாது. ஆசியா எழ வேண்டும். உலக மக்கள் ஒன்றுபட வேண்டும். இந்தியாவின் ஆன்மிகம் உலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசியாக, மனிதன் இன்னும் ஒரு படி மேலே ஏற வேண்டும்.

மூன்றாவதை விளக்கும்போது, ஒருவருக்கே இரண்டு நாட்டுக் குடியுரிமை, அதற்கு மேலும்கூட, வரலாம் என்கிறார். பண்பாடுகள் விரும்பி ஒன்றோடொன்று கலக்கலாம் என்கிறார். கப்பலில் வந்து இறங்கிய தலைமறைவு மனிதர், எழுபத்தைந்து வயதில், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் பிறக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

அந்தக் கனவு பாதிதான் பலித்திருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 2005-இல் சட்டத்தைத் திருத்தி ஓசிஐ தந்தார்கள். வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பயணத்துக்கு முன் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துவிடுங்கள். 20 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் மாறும்போதும் புதுப் பாஸ்போர்ட்டையும் புகைப்படத்தையும் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஓட்டலில் பாஸ்போர்ட், ஓசிஐ இரண்டையும் கேட்பார்கள்; நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் வழியில் மாமல்லபுரத்தில் இறங்கினால் ஓசிஐயைக் காட்டுங்கள், இந்தியருக்கான கட்டணம்தான். ஈழத்திலிருந்து வெளிநாடு போன குடும்பங்களில் பலருக்கு ஓசிஐ கிடைப்பதில்லை. உங்கள் நாட்டவருக்கு இ-விசா உண்டா என்று அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இடைத்தரகர் தளங்களில் பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

சென்னை விமான நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் வந்தால் மூன்று மணி நேரம். பேருந்து என்றால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய் ஏறலாம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வருகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே அறை போட்டுவிட வேண்டும். அக்காவுக்கு நான் பதிவு செய்து வைத்த அறையை ஒரு விடுதியில் அதிக வாடகைக்கு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்; பணம் கட்டிய ரசீது கையில் இல்லாததால் சண்டை போடவும் வழியில்லை. ரசீது வாங்காமல் விடாதீர்கள். ஆசிரம விருந்தினர் இல்லங்கள் சுத்தமாக இருக்கும், வாடகையும் நியாயம். மது, சிகரெட் கூடாது, இரவு பத்தரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

ஊருக்குள் எப்படிச் சுற்றலாம் என்றால், காந்தி சிலையிலிருந்து தொடங்குங்கள். அந்த இடத்தில்தான் அந்தக் காலத்துக் கப்பல் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது. 1952 புயலில் அது சிதைந்துபோனது. பாரதியின் நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியார் கப்பலுக்கே போய் அரவிந்தரை அழைத்து வந்து, கோமுட்டித் தெருவில் கலவை சங்கர செட்டியார் வீட்டு மாடியில் தங்க வைத்தார். சுமார் ஆறு மாதம் அங்கே இருந்தார். அடைக்கலம் கொடுத்தது ஒரு தமிழ் வீடு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். போலீஸ் ஒற்றர்கள் தெருவெல்லாம் திரிந்த நாளில் அது சின்ன காரியம் இல்லை.

அங்கிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுக்குப் போங்கள். பாரதி வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பாரதி 1908-லிருந்து 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அரவிந்தருக்குத் தமிழ் சொல்லித் தந்தவர் அவர்தான். அந்தப் பழக்கத்தில்தான் அரவிந்தர் ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் குறளில் சிலவற்றையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பிரான்சுவா மார்த்தேன் வீதியில் 41-ஆம் எண் வீட்டில் 1913 முதல் 1922 வரை இருந்தார். 'ஆர்யா' இதழுக்காக மனித குல ஒற்றுமை பற்றி அவர் எழுதியதெல்லாம் இந்த வீட்டில் இருந்தபோதுதான். வானொலிச் செய்தியின் மூன்றாவது கனவு திடீரென்று வந்ததில்லை, முப்பது வருடம் முன்பே இங்கே வேர் விட்டிருக்கிறது.

அப்புறம் ஆசிரமம். மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். காலையிலும் பிற்பகலிலும் திறந்திருக்கும், மதியம் மூடிவிடுவார்கள், கட்டணம் இல்லை. செருப்பை எதிரே விட வேண்டும், போனை அணைக்க வேண்டும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். முற்றத்தில் ஒரு பெரிய மரம். அதன் கீழே வெள்ளைச் சலவைக்கல் சமாதி. கீழே அரவிந்தர், அவருக்கு மேலே, அவரோடு ஆசிரமத்தை நடத்தி 1973-இல் மறைந்த அன்னை. காலையில் போனால் பூ அடுக்குவதைப் பார்க்கலாம். செம்பருத்தி, தாமரை, மல்லி எல்லாவற்றையும் வரிசை வரிசையாக, ஒரு இதழ் கோணினால்கூட எடுத்துத் திரும்ப வைப்பார்கள். அத்தனை பேர் இருந்தும் சத்தம் இருக்காது, காக்கை கத்துவது கேட்கும். பத்து நிமிடமாவது உட்காருங்கள். வெளியே வரும்போது புத்தகக் கடையில் அந்த ஆகஸ்ட் 15 செய்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான்கைந்து பக்கம்தான்.

ஆகஸ்ட் 15 தரிசன நாள், அவர் வாழ்ந்த அறையைத் திறந்துவிடுவார்கள். வரிசை விடிகாலையிலேயே ஆரம்பித்துவிடும். வயதானவர்கள் கூட இருந்தால் தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள், ஆகஸ்ட் வெயில் சும்மா விடாது. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, நவம்பர் 24 ஆகியவையும் தரிசன நாட்கள். கூட்டம் ஒத்துவராதவர்கள் சாதாரண நாளிலேயே வாருங்கள்.

மறுநாள் ஆகஸ்ட் 16-உம் இங்கே விடுமுறை. வாடகைக் கார் எடுத்து வில்லியனூர் வழியாகக் கீழூர் போய் வாருங்கள். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி இந்தக் கிராமத்தில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். அந்த நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அத்தானின் அப்பா எழுதிக் கொடுத்தார், அவருடைய தம்பி கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு. நினைவுத் தூண் முன்னால் நின்று இதைச் சொன்னபோது அக்கா மகளுக்கு எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. "அப்ப நம்ம வீட்டுல அந்தக் கனவு முன்னாடியே இருந்துச்சா மாமா" என்றாள்.

ஆரோவில்லுக்கு ஒரு அரை நாள். 1968 பிப்ரவரி 28-இல் 124 நாடுகளின் மண்ணை ஒரே கலசத்தில் போட்டுத் தொடங்கிய நகரம். அதன் நடுவில் உள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திரை வெளியிலிருந்து பார்க்க இலவசச் சீட்டு தருவார்கள், உள்ளே உட்கார முன்பே பதிவு செய்ய வேண்டும்.

நேரம் இருந்தால் கடலூருக்கும் ஒரு நடை. பேருந்து அடிக்கடி உண்டு, இருபது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 1918 நவம்பர் 20-ஆம் தேதி பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பியதும் கடலூர் பக்கத்தில் ஆங்கிலேயப் போலீஸார் பிடித்துச் சிறையில் வைத்தார்கள், டிசம்பரில்தான் விட்டார்கள். நண்பர் அரவிந்தர் பிரெஞ்சு எல்லைக்கு உள்ளே, பாரதி எல்லைக்கு வெளியே. அந்த எல்லை இப்போது ஒரு வரவேற்பு வளைவும் சில மதுக்கடைகளும்தான், பேருந்து நிற்காமலே தாண்டிவிடும். இடப்பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள், கடல் காற்று வரும். தென்பெண்ணைப் பாலம் ஏறினால் கடலூர் வந்துவிட்டது என்று அர்த்தம்.